மூன்று நிமிஷ உடல்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அந்தப் படத்தை நான் பதினோரு தடவை பார்த்தேன். பதினோரு தடவையும் டிக்கெட் வாங்கித்தான் பார்த்தேன். தன் மூஞ்சியைத் தானே காசு கொடுத்துப் பார்க்கிறவனை என்ன சொல்வீர்களோ சொல்லிக்கொள்ளுங்கள், எனக்கு அதில் வெட்கம் கிடையாது. நியூ ஆர்லியன்சில் கிளாரினெட் வாசிக்கிற எவனுடைய முகம் பதினைந்து அடி உயரத்துக்குத் தெரிந்திருக்கிறது?

படத்தில் கதை என்று ஏதோ இருக்கிறது. ஒரு வெள்ளைக்காரப் பணக்காரர், அவருக்கு ஒரு பெண், அவளுக்கு இரண்டு காதலர்கள். எங்கள் தெருவில் யாரும் அதற்காகப் போகவில்லை. நாற்பதாவது நிமிஷத்தில் திரை விலகி டீக்கன் லூசியஸ் ட்ரம்பெட்டோடு வந்து நிற்பார். பிறந்தது எங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி. இப்போது உலகமே அவரைத் தெரிந்து வைத்திருக்கிறது. அவருக்குப் பின்னால் ஆறு பேர். மொத்தம் மூன்று நிமிஷம் வாசிப்பார்கள். அதில் நாற்பது விநாடி கிளாரினெட் மட்டும் தனியாகப் போகும், காமிரா மெல்ல நெருங்கி வரும். அந்த முகம் என்னுடையது. சத்தம் என்னுடையது இல்லை.

இந்த ஒரு வரியைச் சொல்ல எனக்கு இரண்டு வருஷம் பிடித்தது.

சினிமாவில் பாட்டை முதலில் ஒலிப்பதிவு செய்துவிடுவார்கள். படம் பிடிப்பது இரண்டு மூன்று வாரம் கழித்து. அன்றைக்கு ஒலிபெருக்கியில் பாட்டைப் போடுவார்கள், வாசிப்பது போல நின்றால் போதும். டீக்கனின் குழுவில் கிளாரினெட் வாசித்தவர் வால்கூர். அவரும் எங்கள் ஊர்க்காரர்தான். லாஸ் ஏஞ்சலிசில் ஒரு செவ்வாய்க்கிழமை ஒலிப்பதிவு முடித்தார். அடுத்த செவ்வாய்க்கிழமை மண்ணுக்குள் இருந்தார். நுரையீரலில் கோளாறு. படத்துக்காக அவர் அளவுக்குத் தைத்த இளநீலக் கோட்டு மட்டும் மடிப்புக் கலையாமல் தொங்கிக்கொண்டிருந்தது.

நான் அப்போது லாஸ் ஏஞ்சலிசில்தான் ரயில் நிலையத்தில் பெட்டி தூக்கிக்கொண்டிருந்தேன். சாயங்காலங்களில் யாராவது கூப்பிட்டால் வாசிப்பேன், பெரும்பாலும் கூப்பிட மாட்டார்கள். டீக்கனின் மேனேஜர் என்னைத் தேடி வந்தபோது ஒரு ஸ்வரம்கூட வாசித்துக் காட்டச் சொல்லவில்லை. கோட்டைப் போட்டுப் பார்க்கச் சொன்னார். தோள் கச்சிதமாக இருந்தது, கையும் சரியாக வந்தது.

"ஆள் கெடைச்சாச்சு" என்றார்.

மூன்று நாள் அந்த இசைத்தட்டைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டேன். விரல் எங்கே போகிறது, எங்கே மூச்சு வாங்குகிறார், எங்கே கழுத்தைச் சாய்த்திருப்பார், எல்லாம் நெட்டுருப் போட்டேன். ஒரே ஒரு இடத்தில் தப்பு செய்தேன். அந்த நாற்பது விநாடியின் நடுவில் வால்கூர் ஒரு மூச்சு இழுக்கிறார், நோயாளி மூச்சு, மெல்லிய விசில் மாதிரி. படம் பிடித்த அன்று அந்த இடத்தில் நான் கன்னத்தை உப்பிக்கொண்டு ஊதிக்கொண்டே இருந்தேன். டைரக்டர் கவனிக்கவில்லை. மேடையிலிருந்து இறங்கும்போது டீக்கன் லூசியஸ் மட்டும் என் பக்கத்தில் வந்து நின்றார்.

"அங்க அவன் மூச்சு வாங்கினான். நீ வாங்கல."

"மறுபடி எடுக்கச் சொல்லலாமா சார்?"

"வேணாம் விடு. அந்த ஒரு மூச்சாவது அவனோடதா இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

நான் ஊருக்குத் திரும்பியபோது படம் எனக்கு முன்னாலேயே வந்து சேர்ந்திருந்தது. முடிவெட்டும் கடைக்காரர் சுவரொட்டியை ஒட்டி, அதில் என் தலையைச் சுற்றிப் பென்சிலால் வட்டம் போட்டிருந்தார். வாசிக்க இடம் கேட்டு அலைந்தவனை வீடு தேடி வந்து கூப்பிட்டார்கள். ஹிப்போலிட்கூடக் கூப்பிட்டார். ஊரிலேயே பெரிய பேண்டு அவருடையது. சாவானாலும் டான்ஸானாலும் அவர் தலையசைக்காமல் ஒன்றும் நடக்காது. எண்பது வயதுக் கிழவரைக்கூட 'பேபி' என்றுதான் அழைப்பார். "பேபி, படத்துல வருமே, அதை எடு" என்பார். எடுப்பேன். ஹாலே அடங்கிப்போகும். ஆடிக்கொண்டிருப்பவர்கள் ஆட்டத்தை நிறுத்திவிட்டு நிற்பார்கள். அந்த அமைதி எனக்கு விழுந்த மாலை என்று நினைத்துக்கொண்டேன்.

வேறு எதையாவது வாசித்தால் உடனே பேச ஆரம்பித்துவிடுவார்கள். ரசனை கெட்ட ஊர் என்று அதற்கும் ஒரு சமாதானம் வைத்திருந்தேன்.

மூச்சு வர ஆரம்பித்தது அப்போதுதான். முதலில் அந்த ஒரு இடத்தில் மட்டும் வந்தது. நான் நினைப்பதற்குள் மார்பு தானே விரியும், விசில் சத்தத்தோடு காற்று உள்ளே போகும். கேட்டுக் கேட்டுப் பழகிவிட்டது போல என்று இருந்துவிட்டேன். பிறகு வேறு பாட்டுகளிலும் வந்தது. பிறகு கையில் கிளாரினெட் இல்லாதபோதும் வந்தது. ஒரு நாள் காலையில் சவரம் செய்துகொண்டிருக்கும்போது காதுக்குப் பக்கத்தில் அந்த விசில் கேட்டது. கண்ணாடியில் பார்த்தேன், என் வாய் மூடியிருந்தது. மார்பு அசையவில்லை. கத்தியைக் கீழே வைத்துவிட்டுக் கட்டிலுக்கு அடியில்கூடக் குனிந்து பார்த்தேன். யாரும் இல்லை.

டாக்டரிடம் போனேன். அவர் குழாயை முன்னாலும் பின்னாலும் வைத்துக் கேட்டுவிட்டு, "உனக்கென்னப்பா, ரெண்டு பேருக்குக் குடுக்கலாம், அவ்வளவு நல்ல நுரையீரல்" என்றார். அவர் சொல்லி முடிப்பதற்குள் அது வந்தது. எனக்குக் கேட்டது. அவர் குழாயைச் சுற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தார்.

பயந்துபோனேன். கதவைத் தாழ் போட்டுக்கொண்டு சுவரைப் பார்த்துக் கெஞ்சியிருக்கிறேன். "நான் உங்க கோட்டை மட்டும்தான் போட்டேன், வால்கூர். வேற ஒரு பாவமும் பண்ணல. போயிடுங்க" என்று. அது பொய் என்று எனக்கும் தெரியும், அவருக்கும் தெரிந்திருக்கும். அந்த வாசிப்பு யாருடையது என்று இரண்டு வருஷத்தில் ஒருவர்கூட என்னைக் கேட்டதில்லை, நானாகவும் வாயைத் திறக்கவில்லை.

படம் இரண்டாம் முறை எங்கள் தியேட்டருக்கு வந்தது. ஒரு வாரம் மட்டும். புதன்கிழமை மூன்று மணி ஆட்டத்துக்குப் போனேன், பதினோராவது தடவை. முன் வரிசையில் எனக்கு நாலு நாற்காலி தள்ளி ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். நாற்பது வயது இருக்கும், சாம்பல் நிற உடை, மடியில் கைப்பை. என் முகம் வந்ததும் கண்ணை மூடிக்கொண்டாள். காட்சி முடிந்ததும் திறந்தாள், எழுந்து போய்விட்டாள். தினமும் வந்து இதையே செய்கிறாள் என்று டிக்கெட் கிழிக்கிறவன் சொன்னான். எனக்குச் சுருக்கென்றது. படிக்கட்டில் ஏறி நேரே மேலே மெஷின் அறைக்குப் போனேன். படம் ஓட்டுகிற செப்டீம் பொரித்த மீன் ரொட்டியைத் தின்றுகொண்டிருந்தார்.

"வாங்க ஸ்டார். எத்தனாவது தடவை?"

"அதை விடுங்க. முன் வரிசையில ஒரு அம்மா, நான் வந்தா தூங்கிடறாங்க. யாரு அது?"

"தூங்கல. கேக்கறாங்க" என்றார் செப்டீம். வாயைத் துடைத்துக்கொண்டார். "மிஸ் ஒடாலி. வால்கூரோட சம்சாரம்."

கீழே ஓடிவிடலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் அந்த அறைக்கு ஒரே படிக்கட்டு, அதில் அவள் ஏறி வந்துகொண்டிருந்தாள். என்னைப் பார்த்து அதிர்ச்சியடையவில்லை. பக்கத்து வீட்டுக்காரனைப் பார்த்தது போல ஒரு தலையசைப்பு.

"கோவிச்சுக்காதீங்க மிஸ்டர் கிளோவிஸ். உங்க முகம் நல்ல முகம்தான். ஆனா அவரை மறைக்குது."

தொப்பியைக் கழற்றினேன்.

"போன தடவை படம் வந்தப்ப நான் துக்க உடுப்புல இருந்தேன், சினிமாவுக்குப் போகக்கூடாது. இப்ப பேண்டுக்காரங்க வீட்டுப் பொம்பளைங்க சொன்னாங்க, போய்க் கேட்டுட்டு வான்னு. பாருன்னு சொல்லல, கேளுன்னாங்க. முதல் நாலு ஸ்வரத்துலயே தெரிஞ்சுபோச்சு. அப்புறம் அந்த மூச்சு வந்துது. பத்தொம்பது வருஷம் என் பக்கத்துல படுத்திருந்த மூச்சு அது."

செப்டீம் மெஷினைப் பார்ப்பது போல அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"அங்க ஏதோ ஒரு மேட்டுல பொதைச்சுட்டாங்க. அஞ்சு நிமிஷத்துல முடிஞ்சுதாம். ஒரு டிரம்கூட அடிக்கல. இந்த ஊர்ல எத்தனை பேரை வாசிச்சு வழியனுப்பினவர் அவர். அவருக்கு யாரும் வாசிக்கல." அவள் குரல் உயரவில்லை. "அவர் இன்னும் போகல, மிஸ்டர் கிளோவிஸ்."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"உங்களுக்குத் தெரியாதா?" என்று கேட்டுவிட்டு என் மார்பைப் பார்த்தாள்.

அந்த அறையில் மெஷின் சூடு தாங்காது. எனக்குக் குளிரெடுத்தது.

எங்கள் ஊரில் அடக்கத்துக்கென்று சங்கங்கள் உண்டு. உயிரோடு இருக்கும்போது மாதச் சந்தா கட்டினால், செத்த பிறகு பேண்டு வைத்து ஊர்வலமாகக் கொண்டுபோவார்கள். போகும்போது சோகமாக வாசிப்பார்கள். கல்லறைக்கு முன்னால் ஒரு முனையில் பேண்டு இரண்டாகப் பிரிந்து நிற்கும், சவவண்டி நடுவில் புகுந்து போகும். உடலை அவிழ்த்துவிடுவது என்போம். அதற்குப் பிறகுதான் குதூகலமான பாட்டு, ஆட்டம், குடை எல்லாம். அப்படி அவிழ்த்துவிடப்படாதவர்கள் போவதில்லை. இதை யாரும் எங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

வால்கூர் சந்தா பாக்கியில்லாதவர். ஆனால் சங்கத்தில் ஒரே விதி, உடல் இல்லாமல் பேண்டு கிடையாது. சங்கத்தின் செயலாளரும் ஹிப்போலிட்தான், விதி என்று வந்துவிட்டால் பேபியும் கிடையாது கீபியும் கிடையாது.

"உடல் இங்கதான் இருக்கு" என்றாள் ஒடாலி. செப்டீமின் மேஜையைக் காட்டினாள். "அந்த டப்பாவுல."

அந்த மூன்று நிமிஷம் எங்கள் தியேட்டருக்கு எப்படி வந்தது என்று அப்போதுதான் தெரிந்துகொண்டேன். காட்சியின் கடைசியில் வெள்ளைக்காரப் பணக்காரர் வீட்டுப் பெண் எங்களைப் போலக் கறுப்பரான டீக்கனின் கையைப் பிடித்துக் குலுக்குகிறாள். ஊர் நடுவில் இருக்கிற வெள்ளைக்காரத் தியேட்டரில் அதைக் காட்ட மாட்டார்கள். காட்சி மொத்தத்தையும் வெட்டிக் குப்பையில் போடச் சொல்லிவிடுவார்கள். அங்கே கூட்டுகிறவர் நம்ம ஆள். குப்பை செப்டீமிடம் வந்துவிடும். படம் எங்கள் தியேட்டருக்கு வரும்போது அவர் ஒட்டிவிடுவார், போகும்போது பிரித்துவிடுவார். கம்பெனியைப் பொறுத்தவரை அது இல்லாத பொருள், கேட்டு யாரும் வர மாட்டார்கள்.

"எங்கிட்ட வேற பிரதி இல்ல. ஊர்லயே இது ஒண்ணுதான்" என்றார் செப்டீம்.

"ஹிப்போலிட்கிட்டப் பேசிட்டேன்" என்றாள் ஒடாலி. "ஆத்துல முழுகி முகம் தெரியாமக் கெடைச்சவங்களுக்கு என்ன முறையோ அதையே செய்யலாம்னார். சங்கத்துக்காரங்க முன்னால ஒருத்தர் எழுந்து நின்னு, இது இன்னார்தான்னு அடையாளம் சொல்லணும். அவரைக் கடைசியா சுமந்தவங்க சொல்லணுமாம்." என் பக்கம் திரும்பினாள். "அது நீங்கதான்."

புரிந்தது. நாற்பது பேர் முன்னால் எழுந்து நின்று, இந்த வாசிப்பு என்னுடையது இல்லை என்று என் வாயால் சொல்ல வேண்டும். சொன்ன பிறகு அந்தப் படத்தையும் எடுத்துப் புதைத்துவிடுவார்கள். ஊரில் எனக்கு இருந்த ஒரே சொத்து அந்த முகம்.

"மிஸ் ஒடாலி, நான் பொழைக்க வேண்டாமா?" என்றேன். எரிச்சலாகத்தான் சொன்னேன். "உங்க வீட்டுக்காரர் போயிட்டார். நான் இருக்கேன்."

அவள் கோபப்படவில்லை. "வெள்ளிக்கிழமை ஆட்டத்துக்கு முன்னால சங்கம் வரும். உங்க இஷ்டம்" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனாள்.

அவள் போனதும் செப்டீமைப் பிடித்துக்கொண்டேன்.

"சத்தத்தை மட்டும் தனியா வெட்டிக் குடுத்துட முடியாதா? படத்தை நீங்க வெச்சுக்குங்க."

அவர் டப்பாவைத் திறந்து பிலிமை ஒரு முழம் இழுத்து விளக்குக்கு நேரே பிடித்தார். சின்னச் சின்னக் கட்டங்கள், ஒவ்வொன்றிலும் என் முகம். ஓரமாக நரம்பு மாதிரி ஒரு வெள்ளைக் கோடு, நடுங்கி நடுங்கிப் போனது.

"கட்டத்துல இருக்கறது நீ. ஓரத்துல போறது அவன்" என்றார் செப்டீம். "ஓரத்தை வெட்டினா ரெண்டும் கிழியும். இன்னொண்ணு கேளு. ஒரு கட்டத்துக்குப் பக்கத்துல இருக்கற சத்தம் அந்தக் கட்டத்தோடது இல்ல. மெஷின்ல படம் ஒரு எடத்துல, சத்தம் ஒரு எடத்துல ஓடும். அதனால சத்தத்தை இருபது கட்டம் முன்னால அடிச்சிருப்பாங்க. அவன் எப்பவும் உனக்கு இருபது கட்டம் முன்னால போயிட்டிருக்கான்டா, கிளோவிஸ். நீ எட்டிப் பிடிக்கப் போறதில்ல."

அன்று சாயங்காலம் என் அறைக்கு மாடிப்படி ஏறினேன். பதினெட்டுப் படி. ஏழாவது படியில் அந்த விசில் மூச்சு வந்தது. நின்றேன். மறுபடி வந்தது. நான் மூச்சு வாங்கப் பார்த்தேன், முடியவில்லை. என் மார்பு ஏற்கெனவே விரிந்து நிறைந்திருந்தது, எனக்கு அதில் இடமில்லை. படியில் உட்கார்ந்து கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். கீழே தெருவில் ஐஸ் வண்டிக்காரன் கத்திக்கொண்டு போனான், அவனைக் கூப்பிடக்கூடக் காற்றில்லை. எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. கடைசியில் அது தானாக விட்டுக்கொடுத்தது, நான் இருமி இருமி மூச்சு வாங்கினேன். எதிரி நெஞ்சில் ஏறி உட்கார்ந்த மாதிரி இல்லை அது. போக வழி தெரியாதவன் ஒருவன் கதவு தேடுகிற மாதிரி இருந்தது. அதுதான் எனக்கு அதிகப் பயம் தந்தது.

வெள்ளிக்கிழமை ஆட்டத்துக்கு ஒரு மணி நேரம் முன்னால் சங்கத்துக்காரர்கள் வந்து உட்கார்ந்தார்கள். கறுப்பு உடை, தோளில் பட்டை, வெள்ளைக் கையுறை. ஹிப்போலிட் முதல் வரிசை நடுவில், தடியைத் தொடை மீது வைத்துக்கொண்டு. ஒடாலி ஓரமாக. செப்டீம் அந்த மூன்று நிமிஷத்தை மட்டும் ஓட்டினார். என் முகம் வந்தது, என் கன்னம் உப்பியது, எங்கிருந்தோ அந்த மூச்சு இழுத்தது. விளக்குப் போட்டார்கள்.

எழுந்து நின்றேன்.

"அந்த முகம் என்னோடது" என்றேன். "வாசிப்பு என்னோடது இல்ல. வால்கூர் வாசிச்சது. அவர் செத்துப்போனதுக்கப்புறம் அவர் கோட்டைப் போட்டுக்கிட்டு நான் நின்னேன். ரெண்டு வருஷமா உங்க எல்லாரையும் ஏமாத்தினேன். இது வால்கூர்தான்."

யாராவது திட்டுவார்கள் என்று காத்திருந்தேன். யாராவது காறித் துப்புவார்கள் என்றும். ஹிப்போலிட் பின்பக்கம் திரும்பி மற்றவர்களைப் பார்த்தார். எல்லாரும் தலையசைத்தார்கள்.

"அடையாளம் சொல்லியாச்சு. எழுதிக்குங்க" என்றார். பிறகு என்னிடம், "உக்காரு பேபி" என்றார்.

"உங்களுக்குக் கோபம் இல்லையா?"

"எதுக்கு?"

"ஏமாத்தினதுக்கு."

ஹிப்போலிட் என்னைப் பாவமாகப் பார்த்தார். "யாரை ஏமாத்தின நீ? இந்த ஊர்ல கதவுக்கு அந்தப் பக்கம் ஒருத்தன் ஊதினா அவன் பேரு, அவன் அப்பன் பேரு, அவனுக்குச் சொல்லிக்கொடுத்தவன் பேரு எல்லாம் சொல்லுவோம். வால்கூர் முப்பது வருஷம் எங்ககூட வாசிச்சவன். படம் வந்த முதல் நாளே தெரியும்."

"அப்ப ஏன் என்னை வாசிக்கக் கூப்பிட்டீங்க?"

"உன்னையா?" என்று கேட்டார். கிண்டல் இல்லை, நிஜமாகவே கேட்டார். "அவன் ஊருக்கு வரல. நீ வந்த. முதல் தடவை நீ அதை வாசிச்சப்ப அந்த மூச்சு வந்துது பாரு, எங்க ஆளுங்க ரெண்டு பேர் வெளிய போய் அழுதாங்க. அதைக் கேக்கத்தான் வீடு தேடி வந்து கூப்பிட்டோம். உனக்குத் தெரிஞ்சிருக்கும்னு நெனைச்சோம்."

உட்கார்ந்தேன். ஹால் அடங்கிப்போகுமே, ஆடுகிறவர்கள் நிற்பார்களே, அதெல்லாம் வரிசையாக ஞாபகம் வந்தது. அது எனக்கு விழுந்த மாலை இல்லை, செத்தவரைக் கண்டதும் எழுந்து நிற்கிற மரியாதை. ஊரையே ஏய்த்துவிட்டேன் என்று குற்ற உணர்ச்சியிலும் ஒரு பெருமையோடு திரிந்திருக்கிறேன். ஏமாந்தவன் ஒருவன்தான், அவன் கண்ணாடியில் சவரம் செய்துகொண்டிருந்தான்.

ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் அடக்கம். டப்பா சின்னதாக இருந்ததால் குழந்தைகளுக்குச் செய்கிற வெள்ளைப் பெட்டி வாங்கியிருந்தார்கள். செப்டீம் பெட்டி கூடவே நடந்து வந்து, "வெயில்ல நிறுத்தாதீங்கப்பா, பிலிம் சூடு பட்டா பட்டுனு பத்திக்கும்" என்று வண்டிக்காரனை விரட்டிக்கொண்டிருந்தார். தெரு முழுக்க ஜனம். வால்கூரை நேரில் பார்த்திராதவர்கள்கூட வந்திருந்தார்கள். நான் வீட்டிலேயே இருந்துவிடுகிறேன் என்றேன். ஹிப்போலிட் விடவில்லை.

"நீ வாசிக்கணும். இன்னைக்கு ஒரு நாள் அவனுக்கு ஒரு வாய் வேணும்" என்றார்.

வாசித்தேன். டிரம்மில் கைக்குட்டையைச் செருகி ஓசையை அடக்கியிருந்தார்கள். அடிமேல் அடி வைத்து நடந்தோம். ஒவ்வொரு வரியிலும் அந்த மூச்சு வந்தது, நான் தடுக்கவில்லை. வேண்டுமட்டும் எடுத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன். என் பக்கத்தில் வந்த ட்ரோம்போன்காரர் கண்ணீரைத் துடைக்கக் கையில்லாமல் அப்படியே வாசித்துக்கொண்டு வந்தார். யாருக்காக அழுகிறார் என்று இப்போது எனக்குத் தெரியும்.

முனை வந்தது. பேண்டு இரண்டாகப் பிரிந்தது. வண்டி நடுவில் புகுந்து மெதுவாகப் போனது, உள்ளே என் முகத்தோடு சேர்த்து. ஒடாலி பின்னாலேயே நடந்தாள். வண்டி என்னைக் கடக்கும்போது மார்பு விரிந்தது. இரண்டு வருஷமாக உள்ளே இழுக்கிற சத்தத்தை மட்டும்தான் கேட்டிருக்கிறேன். அன்று முதல் தடவையாக அது வெளியே போனது. நீளமாக, நிதானமாக, அவசரமே இல்லாமல் போனது. ஒடாலி சட்டென்று நின்று என்னைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு முன்னால் திரும்பி நடந்தாள்.

டிரம்காரர் கைக்குட்டையை உருவி எறிந்தார். குதூகலப் பாட்டு ஆரம்பித்தது. குடைகள் விரிந்தன, ஜனம் ஆடியது. நானும் வாசித்தேன். என் மூச்சு, என் விரல். இரண்டு வருஷத்தில் அவ்வளவு லேசாக நான் இருந்ததில்லை. என்னைச் சுற்றி ஆடியவர்கள் ஆடிக்கொண்டேயிருந்தார்கள், ஒருவர்கூட நிற்கவில்லை. அது நல்ல விஷயம் என்றுதான் அன்று எடுத்துக்கொண்டேன்.

மறுநாள் திங்கட்கிழமை, வீட்டுக்கு வீடு சிவப்புப் பீன்ஸ் கொதிக்கிற நாள். மத்தியானம் ஹிப்போலிட் தானே என் படிக்கட்டு ஏறி வந்தார். ஆளனுப்பியிருந்தால் போதும், அனுப்பவில்லை. தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"வியாழக்கிழமை டான்ஸுக்கு வேற ஆளைச் சொல்லிட்டேன், கிளோவிஸ்."

அவர் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

"நேத்து முனைக்கப்புறம் நான் வாசிச்சதைக் கேட்டீங்களா?"

"கேட்டேன்."

"எப்படி இருந்துது?"

அவர் யோசித்தார். பொய் சொல்லத் தெரியாத மனிதர், அதனால் நேரமாயிற்று.

"நல்லாத்தான் இருந்துது. உன்ன மாதிரி நல்லா வாசிக்கறவங்க இந்த ஊர்ல முப்பது பேர் இருக்காங்க. மூட்டை கட்டிடாத, வாசிச்சுக்கிட்டே இரு. வருஷம் ஆகும். கேக்கறேன்."

அவர் படி இறங்கிப் போகிற சத்தம் நிற்கும்வரை வாசலில் நின்றேன். பிறகு கதவைச் சாத்திவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்து அழுதேன். வால்கூருக்காக அழுதேன் என்று சொல்ல ஆசையாகத்தான் இருக்கிறது, கேட்கிறவர்களும் என்னை நல்லவன் என்பார்கள். ஒரு பொய்யைச் சுமந்தது போதும். எனக்காகத்தான் அழுதேன். அறையில் வேறு சத்தமே இல்லை.